குளிர்நீர் நீச்சு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாணவர் விடுதிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த மாலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இம்மாலை இலக்கியம் பற்றி யாதேனும் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருந்தார்கள். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பார்கள்! ஆயினும் சென்ற திங்கள் நிகழ்ந்த நிருவாகக் குழுவில் எழுந்த ஒரு வாதம் என் உள்ளத்தை விட்டு அகலாமையின், அதனையே இன்று பொருளாக எடுத்துக்கொள்ள இசைவு பெற்றேன். விடுதிப் பிள்ளைகளை மார்கழி விடுமுறையில் நீலகிரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. உடனே பெரியவர் ஒருவர், "அழைத்துப் போங்கள், ஆனால் ஒரு பிள்ளையும் நீரின் பக்கம் போகக் கூடாது" என்றார். மற்றொருவர், "குளிர்ந்த நீர் உடலுக்கு உரம் தருவது, இக்காலத்தில் கைப்பேசியைத் திறந்தால் உலகமே பனிக்கட்டித் தொட்டியில் இறங்கி அமர்ந்திருக்கிறது, நம் பிள்ளைகள் மட்டும் அஞ்சுவதா?" என்றார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இருவரும் விட்ட மற்றைப் பாதியிலேதான் உயிர்கள் போகின்றன என்பது என் கருத்து.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. ஆசிரியன் பழக்கம், பொறுத்தருள்க. குளித்தல் என்பது உடலைக் குளிரச் செய்தல் என்னும் பொருளில் வந்தது என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிதாயிருப்பினும் எனக்கு அஃது உடன்பாடன்று. கடலின் அடியிற் சென்று முத்தெடுத்தலை முத்துக்குளித்தல் என்கிறோம். அங்கே குளிர்ச்சி நோக்கமன்று. ஆதலின் முழுகுதலே அச்சொல்லின் பொருள் எனக் கொள்வேன். முழுகுதல் வேறு, குளிர்தல் வேறு. இவ்விரண்டும் ஒருங்கே, ஒரு நொடியில், முன்பழக்கமில்லாத உடல்மீது வந்து சேரும்போது நிகழ்வது யாது என்பதே இன்று யான் சொல்லப் புகுந்த செய்தி.

அதனை நூலிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. என் கண்ணாற் கண்டதிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெரியம்மையாரின் மூத்த மகன் எனக்கு நான்கு அகவை மூத்தவர். எங்கள் ஊர்க் கிணற்றில் மேல்விளிம்பிலிருந்து தலைகீழாய்ப் பாய்வதிலும், ஆற்றில் வெள்ளம் வருங்காலத்துக் குறுக்கே நீந்திச் சென்று மீள்வதிலும் அவருக்கு ஒப்பாவார் எங்கள் பக்கத்தில் இலர். எனக்கு நீந்தக் கற்பித்தவரும் அவரே. சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிடுவார். 26 ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழியில், ஐந்து பேராக மலைக்குச் சென்றோம். உயரத்தில் ஒரு நீர்த்தேக்கம். ஊரின் பெயர் வேண்டா. காலை வெயில் நன்றாய்க் காய்ந்தது. நீரோ கையை வைத்தால் விரல் கடுக்கும் குளிர்ச்சி. அண்ணா ஒரு பாறையின்மேல் ஏறி நின்று, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, எப்போதும் போலப் பாய்ந்தார். மேலே வந்தார். வாய் திறந்திருந்தது, ஆனால் குரல் எழவில்லை. கொல்லன் துருத்தி போல மூச்சு விரைந்து விரைந்து வாங்கிற்று. கைகள் நீந்தவில்லை, நீரை மேலும் கீழுமாக அடித்தன. கரையில் நின்ற நாங்கள் அவர் விளையாடுகிறார் என்று எண்ணினோம், யான் சிரித்தேன். கரைக்கும் அவருக்கும் இடையே இருபது அடி இராது. இரண்டு நிமிடங்கூட ஆகியிராது, அவரைக் காணவில்லை.

அதன்பின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறினர். வயிறார உண்டுவிட்டுக் குதித்ததால் தசை பிடித்துக்கொண்டது என்றார் ஒருவர். நீருள் வாழும் கன்னி இழுத்துக்கொண்டாள் என்றார் அவ்வூரார். நெடுங்காலம் யானும் தசைப்பிடிப்பு என்றே நம்பியிருந்தேன். பல்லாண்டுகள் கழித்து, நீரில் இறப்போரைப் பற்றி ஆராய்ந்த உடலியல் வல்லுநர் கூற்றுக்களைப் படித்தபோதுதான், யான் கரையில் நின்று கண்ட ஒவ்வொரு குறியும் அங்கே அவ்வண்ணமே எழுதப்பட்டிருக்கக் கண்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர்கள் அதனைக் குளிரதிர்ச்சி என்று வழங்குகிறார்கள். தோல் திடீரெனக் குளிர்ந்தவுடன், நம் விருப்பத்தைக் கேளாமல், உடல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறது. அம்மூச்சு 2 முதல் 3 லிட்டர் வரை இருக்கலாம். அப்போது முகம் நீருக்குமேல் இருப்பின் உள்ளே செல்வது காற்று. கீழே இருப்பின் நீர். பாய்ந்தவன் முகம் எங்கே இருக்கும் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. அதனைத் தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் விரைகிறது. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்க வல்லவன் அங்கே பத்து வினாடிகூட அடக்க இயலாதவன் ஆகின்றான். தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, நெஞ்சு படபடக்கிறது, குருதியழுத்தம் ஏறுகிறது. நீர் 25 டிகிரிக்குக் கீழே போகும்போதே இது தொடங்கும். 10 முதல் 15 டிகிரி வரையுள்ள நீரிலேயே அதன் முழு வேகத்தையும் அடைந்துவிடும். ஆதலின் பனிக்கட்டி மிதக்கும் நீர்தான் ஆளைக் கொல்லும், நம் மலைநீர் கொல்லாது என்று எண்ணற்க.

இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. இவ்வதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தானே தணிந்துவிடும். அவ்வளவுதான். அண்ணா நீந்த முயலாமல், மல்லாந்து, காதுகள் நீரில் நனையத் தலையைப் பின்னே சாய்த்து, மூச்சு அடங்கும்வரை மிதந்திருந்தால்! இங்கிலாந்தில் கடலில் உயிர்காக்கும் தொண்டு நிறுவனத்தார் இதனையே, "முதலில் மித; பிறகு நீந்து" என்னும் பொருள்பட நாடெங்கும் கற்பித்து வருகின்றனர். நீரில் விழுந்தவன் உடனே கைகால்களை வீச வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறோம். குளிர்நீரில் அது பிழை.

இருவகை நரம்புத் தூண்டல்கள் ஒன்றோடொன்று மோதுதலும் உண்டு. குளிர்ந்த உடல் நெஞ்சை விரைந்து துடிக்கச் சொல்கிறது; நீரில் முழுகிய முகமோ மெல்லத் துடிக்கச் சொல்கிறது. இரண்டு ஆணையும் ஒருசேரப் பெற்ற இருதயம் தாளம் தவறுவதுண்டு. இளைஞர் பலருக்கு இது வந்து போவதே தெரியாது. இருதயத்தில் முன்பே குறையுள்ளவருக்கு அதுவே முடிவாகலாம். இக்கருத்தை மைக்கேல் டிப்டன், மைக்கேல் ஷாட்டாக் என்னும் இரு அறிஞர்கள் 2012ஆம் ஆண்டில் விரித்தெழுதினர்.

இனி, "நீச்சல் வல்லவனுக்கு அச்சமில்லை" என்னும் கூற்றினை எடுத்துக்கொள்வோம். இதனை யான் முற்றும் மறுக்கின்றேன். நம் இனத்தார் பெருமையோடும் துயரோடும் நினைக்கத்தக்க ஒருவரைக் கூறுவேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் பிறந்த குமார் ஆனந்தன் அவர்களை ஆழிக்குமரன் என்று அந்நாட்டார் அழைத்தனர். 1971ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே திரும்பிய வீரர் அவர். அதே பெருமகனார் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். நம் பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயோ கோடையின் உச்சியிலும் 15 முதல் 18 டிகிரி அளவே உள்ளது. அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். தோளின் வலிமையை மட்டும் கொண்டு அளக்கத்தக்க கடல் அன்று அது.

ஆகவேதான் அங்கே நீந்துவோரை மேற்பார்வையிடும் சங்கத்தார், 16 டிகிரியோ அதற்குக் குறைந்ததோ ஆன நீரில் ஆறு மணி நேரம் முன்பே நீந்திக் காட்டியவரையே ஒப்புகின்றனர். 1875இல் கேப்டன் மாத்யூ வெப் முதன்முதலாக அதனை நீந்திக் கடக்க 21 மணி 45 நிமிடம் ஆயிற்று. நம் நாட்டினருள் மிகிர் சென் 1958இலும், பெண்மணியாகிய ஆரதி சாகா 1959இலும் கடந்தனர். தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டில், 12 அகவையில், அக்கால்வாயை வென்றார். அவ்வோராண்டிலேயே ஆறு நீரிணைகளைக் கடந்து உலகை வியக்கச் செய்தார். நம் வெப்பநாட்டு உடல் குளிர்நீருக்கு ஆகாதென்பதில்லை. பழகிய உடலா, பழகாத உடலா என்பதே வினா.

பழக்கத்தின் ஆற்றல் வியப்பானது. ஐந்தாறு முறை, முறைக்கு இரண்டு மூன்று நிமிடமாகக் குளிர்நீரில் மெல்ல இறங்கியவர்க்கு அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்துவிடுகிறது என்றும், அப்பழக்கம் பல மாதங்கள் நிலைத்திருக்கிறது என்றும் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். நம் பாட்டிமார் ஆற்றில் இறங்குமுன் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தலையில் தெளித்து, பின்னர்ப் படி படியாக இறங்குவர். அவர்கள் செய்தது பத்தியினால். உடலியல் அறிந்து செய்தார்கள் என்று யான் சொல்லமாட்டேன். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குவது எனக்கு என்றும் பிடித்ததில்லை. ஆயினும் அம்முறை நல்ல முறை. பாறையிலிருந்து பாய்தலே தீது.

முதல் மூன்று நிமிடங்களைக் கடந்தவனுக்கு அடுத்து வருவது கைகால் சோர்வு. நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்வது. பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள், உடலின் உள்வெப்பம் குறையுமுன்னரே, விரல்கள் விறைக்கின்றன. கைகள் சொன்னபடி கேளா. அறிவு தெளிவாக இருக்கும், கரை கண்ணுக்குத் தெரியும், கைதான் வாராது. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குதல் இதற்கும் பின்னரே. வளர்ந்த ஒருவருக்கு உறைநீரிலும் அதற்கு அரை மணியளவு செல்லும் என்பர். அந்நிலையில் நடுக்கம், நாக்குழறல், மயக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, நெஞ்சு நிற்பதில் முடிகிறது. 1912ஆம் ஆண்டு ஏப்பிரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது மாண்டவர் ஏறத்தாழ 1500 பேர். மிதவைச் சட்டை அணிந்தவராய் நீரின்மேல் மிதந்துகொண்டிருந்தவர்களே அவருட் பலர். அன்று அக்கடல் நீரின் வெப்பம் சுழிக்கும் கீழே 2 டிகிரி அளவு. அவர்களைக் கொன்றது குளிர்.

இதற்கு மாறாக, 1984இல் ஐஸ்லாந்து நாட்டு மீனவ இளைஞர் ஒருவர், படகு கவிழ்ந்து தோழர் நால்வரும் மாள, 5, 6 டிகிரி நீரில் ஐந்து மணிக்கு மேல் நீந்திக் கரையேறினார். அவரை ஆராய்ந்த மருத்துவர், கடல்நாயினுடையது போன்று தடித்த கொழுப்புப் படலம் அவர் தோலின்கீழ் இருக்கக் கண்டனர். இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒல்லியான பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்க. கைப்பேசியில் நீங்கள் காணும் பருமனான வெள்ளையரின் உடலும் உம் உடலும் குளிரை ஒன்றுபோலத் தாங்கமாட்டா. பிள்ளைகளின் உடல் பெரியோர் உடலினும் விரைந்து குளிரும்.

கரையேறியதோடு இடர் தீர்ந்ததென்று எண்ணவும் கூடாது. வெளியே வந்தபின்னும் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே செல்லும். நீரில் நன்றாயிருந்தவர் கரையில் வந்து பத்து நிமிடத்திற்பின் நடுங்கிச் சரிவதுண்டு. உடனே ஈரத்துணி களைந்து, துவட்டி, உலர்ந்த ஆடையும் கம்பளியும் போர்த்து, வெதுவெதுப்பான இனிப்புப் பானம் ஒன்றை மெல்லப் பருகச் செய்க. சுடுநீர் ஊற்றுதல் வேண்டா. நின்றபடியே மயங்கி விழக்கூடும். மதுவோ நஞ்சு. அது தோலில் சூடு ஏறியது போலக் காட்டி உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். குளிருக்கென்று மலையேறுமுன் புட்டி வாங்கும் பெரியவர்கள் இக்கூட்டத்தில் இல்லை என்றே நம்புகிறேன்.

இவ்வளவும் கேட்டபின், "அவ்வாறாயின் நன்மை ஒன்றும் இல்லையா?" என்பீர்கள். உண்டு. பின்லாந்து நாட்டினர் உறைந்த ஏரியில் துளையிட்டு, அத்துளையில் இறங்கி எழுதலை ஒரு வழக்கமாகவே போற்றுகின்றனர். 14 டிகிரி நீரில் ஒரு மணி அமர்ந்தவர்களிடம், ஊக்கந் தரும் சுரப்பாகிய நோரட்ரினலின் பன்மடங்கு பெருகியதை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. குளித்து எழுந்தவுடன் தோன்றும் விழிப்பும் மகிழ்ச்சியும் வெறுங் கற்பனையல்ல என்பதற்கு இது சான்று. நெதர்லாந்தில் 3018 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2016இல் வெளியிட்டனர். நாள்தோறும் குளித்து முடிக்குங்கால் 30 முதல் 90 வினாடி மட்டும் குளிர்நீரில் நின்றவர்கள், பணிக்கு நோய்விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்ததாம். ஆனால் நோயுற்ற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை! நோய் வந்தது, வேலைக்கும் சென்றனர். இதனை உடல்நலம் என்பதா, மனத்திட்பம் என்பதா என்று யான் பலநாள் எண்ணியதுண்டு. மனத்திட்பம் என்றே முடிவு செய்தேன். அதுவும் சிறிய பேறன்று. மனச்சோர்வுற்ற 24 வயது மங்கை ஒருத்தி குளிர்நீர் நீச்சினால் தேறி மருந்தையும் விட்டனள் என்று 2018இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர்; ஒருவர் கதையைக் கொண்டு எல்லார்க்கும் விதி செய்தலாகாது.

இதில் ஒன்றைக் கருதுக. நெதர்லாந்தில் நன்மை பெற்றவர் நின்றது தம் வீட்டுக் குளியலறையில், ஒரு நிமிட அளவு! விடுதியில் விடியற்காலையில் தொட்டி நீரை நான்கு செம்பு மொண்டு, காலில் தொடங்கித் தோள்வரை ஊற்றிக்கொள்ளும் பிள்ளையும் அதனைப் பெறக்கூடும். நன்மைக்கு அரை நிமிடம் போதும்; அதற்காக ஆழ்மடுவை நாடிப் போவானேன்?

இருதய நோயுள்ளோர், குருதியழுத்தம் மிக்கோர், இரைப்பு நோயுடையோர், கருவுற்ற மகளிர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் குளிர்நீரில் முழுகுதல் கூடாது. இமயத்திற்கு யாத்திரை செல்லும் மூத்தோருக்கும் ஒரு சொல். கங்கோத்திரியில் ஓடுவது பனியுருகிய நீர். அங்கே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மும்முறை முழுகியே தீர வேண்டும் என்று உடன்வருவோர் வற்புறுத்தினால், கையால் மொண்டு தலையில் தெளித்துக்கொள்க. புண்ணியம் குறையாது. பத்ரிநாதத்தில் கோயிலின் வாயிலருகே இயற்கையாகவே வெந்நீர் ஊற்று இருக்கிறது. பனிமலையில் அடியார்க்கு இறைவன் வெந்நீர் வைத்திருக்கும்போது நாம் ஏன் குளிர்நீருக்கு அடம்பிடிக்க வேண்டும்!

இனி நம் தீர்மானத்திற்கு வருகிறேன். அண்ணா மறைந்தபின் பெரியம்மையார் தம் இல்லத்தில் ஒரு விதி செய்தார்கள்: அக்குடும்பத்தில் பிறந்த எவரும் இடுப்பளவு நீரில் இறங்கக் கூடாது. அவர்களை யான் குறை கூறேன். குறை கூறும் தகுதி கரையில் நின்று சிரித்த எனக்கு இல்லை. ஆயினும் அதன் பயன் யாது? அவ்வீட்டுப் பேரப்பிள்ளைகள் அறுவரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. வாய்க்காலும் கண்மாயும் சூழ்ந்த ஊரில், நீந்தத் தெரியாத அறுவர்! ஒரு சாவைக் கண்டு அஞ்சி இன்னொன்றுக்கு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறோம் அல்லவா? "நீரின் பக்கம் போகாதே" என்று குழுவிற் சொன்ன பெரியவருக்கு என் விடை இதுவே.

ஆகையால் யான் வேண்டுவன இவை. மலைக்குச் செல்லும் பிள்ளைகள் அனைவரும் அதற்கு முன்னரே நம் ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் நீந்தக் கற்க வேண்டும். நீச்சிற்கு முன் மல்லாந்து மிதக்கக் கற்க வேண்டும். மலைநீரில் இறங்க நேர்ந்தால் காலில் தொடங்கி மெல்ல இறங்குக, பாய்தல் வேண்டா. மூச்சு அடங்கும்வரை கரையை விட்டு நகரற்க. தனியே இறங்கற்க. நடுக்கம் தொடங்குமுன் வெளியே வருக. ஒருவன் நீரில் வாய்திறந்து குரலின்றித் தத்தளித்தால் அவன் விளையாடவில்லை, விளையாடுகிறவன் கூச்சலிடுவான். அவன்பின் நீங்களும் குதிக்காமல், அவிழ்த்த வேட்டியையோ, கயிற்றையோ, மூடிய வெற்றுக் குடத்தையோ எறிந்து, "மல்லாந்து மித, மல்லாந்து மித" என்று உரக்கக் கூவுங்கள். மலைக்குச் செல்லும் வண்டியில் கயிறு கட்டிய மிதவைகள் இரண்டு இருக்க வேண்டும், அவற்றின் விலையை யான் தருகிறேன், செயலாளர் குறித்துக்கொள்க.

சென்ற ஞாயிறன்று பெரியம்மையாரைச் சென்று கண்டேன். இங்கே உமக்குச் சொன்னவற்றையெல்லாம் அவர்களிடம் முதலிற் சொன்னேன். யான் சிரித்ததையும், இத்தனை ஆண்டு சொல்லாதிருந்ததையும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூச்சு முட்டித்தானா போனான்? கன்னி இழுக்கவில்லையே?" என்று கேட்டார்கள். "இல்லை, பெரியம்மா" என்றேன். புறப்படும்போது, தம் கடைசிப் பேரனைக் கூப்பிட்டு, "மாமா வரச் சொன்னால் கிணற்றுக்குப் போ, குடுக்கை கட்டிக்கொண்டு போ" என்றார்கள். பையன் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறான். தை பிறந்ததும் எங்கள் வகுப்பு தொடங்கும். உடன் வர விரும்பும் பிள்ளைகள் இக்கூட்டம் முடிந்தபின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். எனக்கு அளித்த நேரம் கடந்துவிட்டது. தலைவர் அவர்கள் இருமுறை மணியைப் பார்த்துவிட்டார்கள்.